வெளியூர் செக்

என்னங்க,

"உள்ளூர் செக்னா ரெண்டு நாள், வெளியூர் செக்னா பத்து நாள், டிராஃப்ட்னா அன்னைக்கே பணம்டி" என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் எடுத்த பேங்க்காரர் நீங்கள்தான்.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள் என்று இரண்டு முறை எழுதினேன். வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது உங்கள் வெளியூர் செக். கேட்டால், "நான்தான் அனுப்பிட்டேனே" என்பீர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. புது வீட்டு முன்பணத்தை மட்டும் ரொக்கமாகக் கட்டினீர்களாமே, இப்போது உங்களோடு இருக்கிறவளுக்குக் காத்திருக்கப் பிடிக்காதோ?

என் வளையல்களை விற்றுக் கட்டிவிட்டேன். செக்கை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

ரசீதைப் பார்த்ததும் மகள், "அப்பா பணம் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து, "வந்துடுச்சு" என்று சொல்லித் தொலைத்தேன்.

உங்கள் பேரில் அந்தப் பொய் மட்டும்தான் அன்றைக்கே பாஸானது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா