நீங்கள் கீறிய வீதி

குருநகர்,
14.03.1995

அன்புள்ள அத்தானுக்கு,

மாமியின் கால்வீக்கம் வற்றிவிட்டது. நேற்றுப் பூசைக்கு என்னோடு நடந்தே வந்தார். சண்டை நின்றிருப்பதால் குண்டுவிமானம் வருமோ என்று வானத்தைப் பாராமல் நடக்கிறோம். உங்கள் அம்மாவின் சுகத்தை முதலில் சொல்லிவிட்டேன். இனி எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

எங்கள் வீதிக்கு நீங்கள் கீறி அனுப்பிய வரைபடம் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மூலம் முன்னேற்றச் சபைத் தலைவர் அருட்பிரகாசம் ஐயாவின் கைக்குக் கிடைத்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அதைப் பங்கு மண்டபச் சுவரில் ஒட்டி ஊரைக் கூட்டினார். குண்டு விழுந்த எங்கள் வீதியைக் கனடாவிலுள்ள ஊர்ச்சங்கம் திரும்பக் கட்டித் தரப்போகிறதாம். கீழே கடைகள், மேலே வீடுகள், நடுவில் வாகனம் புகாத நடைவீதி, நிழல் மரங்கள், குந்தியிருக்க வாங்குகள். ரொறன்ரோவில் நகர அமைப்புப் படித்த ஒருவர் கீறியது என்றார். பெயரைச் சொல்லவில்லை. மாமிக்கும் எனக்கும் தெரியும்தானே. மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

அத்தான், வாகனம் புகாத வீதி எங்களுக்கு எதற்கு? பொருளாதாரத் தடையால் பெற்றோலைக் கண்டு ஐந்து வருடமாகிறது. இந்த வீதியில் ஓடுவது மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு வரும் ஐயாவின் மொறிஸ் மைனர் கார் மட்டும்தான். மற்ற எல்லோரும் நடக்கிறோம், அல்லது சைக்கிள் உழக்குகிறோம். கடையும் வீடும் சேர்ந்திருந்தால்தான் வீதிக்கு உயிர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதை நானும் நம்புகிறேன். மரியநாயகி அக்காவின் முன்னறையில் கருவாடும் தேங்காயும் விற்கிறது, பின்னறையில் பிள்ளைகள் படுக்கிறார்கள். அது வேறென்ன? உங்கள் படத்தில் அதன்மேல் 'அகற்றப்படும்' என்று எழுதியிருக்கிறது.

எங்கள் வீதி காலையில் எப்படி இருக்கும் என்பதையாவது நினைத்திருக்கலாம். விடிந்ததும் வலைகளை நீளத்துக்கு இழுத்து விரித்து, இரு பக்கமும் பெண்கள் குந்தியிருந்து கிழிசல் பொத்துவார்கள். மாமி அப்படிப் பொத்தித்தான் உங்களைப் படிப்பித்தார். வலையை மிதிக்காமல் ஓரத்தால் பள்ளிக்கூடம் போனவர் நீங்கள். அதே இடத்தில் நட்டநடுவே பூப்பாத்தி கீறியிருக்கிறீர்கள். ஈர வலையை இனிப் படியேறிச் சுமப்பதா? சண்டை திரும்பினால் மேல்மாடியிலிருந்து பங்கர் குழிக்கு எப்படி இறங்கி ஓடுவது? படத்தில் ஒரு பங்கர்கூட இல்லை. நீங்கள் போன காலத்தில் பங்கர்கள் இருக்கவில்லை, அதை மன்னிக்கலாம். வலையை மறந்ததை எப்படி மன்னிப்பது?

மண்டபத்தில் மரியநாயகி அக்கா எழுந்து படத்துக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்கு. உதிலை நான் எங்கை?"

ஐயா தொண்டையைச் செருமினார். அகற்றப்படும் குடும்பங்களுக்குக் கடலில்லாத நீர்வேலியில் காணி பார்த்திருப்பதாகவும், கருவாட்டு மணம் புதிய கடைகளுக்கு ஒத்துவராது என்றும் சொன்னார்.

"நீர்வேலியிலை வாழைக்குள்ளையோ ஐயா வலை வளைக்கிறது?"

மண்டபம் சிரித்தது. வாழைக்குலைக்குத் தூண்டில் போடலாம் என்று சந்தியோகு அண்ணை பின்னாலிருந்து சொன்னார். கதை அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. இது பிறத்தியார் கீறியதல்ல, நீக்கிலாப்பிள்ளையின் மகன் செபநாயகம் கீறியது என்று உங்கள் பெயரை மெதுவாக எடுத்துவிட்டார். சிரிப்பு நின்றது. நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட அன்று வீதி முழுக்கக் கற்கண்டு கொடுத்த மரியநாயகி அக்கா, திரும்பி மாமியைப் பார்த்தார்.

"எங்கடை செபநாயகமோ கீறினது? அப்ப அவன் யோசியாமல் செய்திருக்கமாட்டான். நான் வீட்டை விட்டு எழும்புறன்."

அவரைப் பார்த்து மற்றவர்களும் ஓம் என்றார்கள். ஒருவரும் வெருட்டவில்லை. உங்கள் பெயரே போதுமாயிருந்தது. நான் எழுந்து வலையைப் பற்றியும் பங்கரைப் பற்றியும் கதைத்தேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையோடு பிள்ளைக்கு ஏதோ கோபம்போல என்று ஐயா பகிடி விட்டார். மண்டபம் திரும்பவும் சிரித்தது, இந்த முறை என்னைப் பார்த்து.

உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் சுவர் இடிக்கத் தொடங்குவார்களாம். கூரை ஓடுகளை முன்னமே கழற்றி வைக்கலாமோ என்று அக்கா நேற்று என்னிடம் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு படத்தைக் கிட்ட நின்று பார்த்தேன். மேல்மாடியில் ஒரு சதுரத்துக்குள் பென்சிலால் சின்னதாக 'எங்கள் வீடு' என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வருடமாக உங்கள் கடிதங்களில் அந்தச் சொல்லைத் தேடியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தச் சதுரம் அக்காவின் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது. அத்தான், அந்த வீட்டுப் படியில் நான் ஏறமாட்டேன்.

என் சொல் இங்கே எடுபடாது, உங்களுடையது எடுபடும். படம் பிழை என்று ஐயாவுக்கு எழுதுங்கள். அக்காவுக்குத் தனியாக எழுதுங்கள், அவர் தானே வாசிக்கக்கூடியதாகப் பெரிய எழுத்தில். வெட்கமாயிருந்தால் வெட்கத்தோடு எழுதுங்கள். அதற்குப் பிறகு எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அதில் வீட்டைப் பற்றி என்ன எழுதினாலும் நான் ஓம் என்பேன்.

மாதா உங்களைக் குளிரிலும் நோயிலும் காக்கட்டும். அக்கா உங்களை நம்பி ஓட்டில் கைவைக்க முன்னம் உங்கள் கடிதம் இங்கே வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்ரெல்லா