ஒற்றை வீட்டுக் கணக்கெடுப்பு

என் அன்பான கணக்கெடுப்பாளருக்கு,

இங்கே நம் தெருவில் மூச்சுவிட இடமில்லை. நாட்டு ஜனம் முழுக்க இந்த ஊரில்தான் வந்து அடைந்திருக்கிறது போல.

உங்களுக்கோ கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்வெளி. நடுவில் ஒரே வீடு, அதில் தனியாக ஒரு டீச்சர். நன்றாகப் பாடுவாராமே. படிவத்தில் அதற்கும் கட்டம் இருக்கிறதா?

"ஒரு விவரம் விட்டுப்போச்சு, மறுபடி போகணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஓர் ஆளை எண்ண எத்தனை நடை?

போன கணக்கெடுப்பில் இதையே சொல்லித்தான் எங்கள் வீட்டுக் கதவை மூன்று முறை தட்டினீர்கள். "இவருக்கு எண்ணவே வராது போல" என்று அப்பா சிரித்தார். எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அந்தப் புல்வெளிக் கணக்கில் ஓர் ஆளைக் கூட்டி எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது தட்டலில் கதவைத் திறந்தவள்