ஒரு நிமிட வாசகம்

சவேரியார்குளம்
3.2.2025

சேசு மரி சூசை

சத்யபிரியா டீச்சர் அவர்களுக்கு, மூன்றாம் வகுப்பு ஜெனிஷாவின் அப்பத்தா இன்னாசியம்மாள் எழுதுவது.

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை.

போனில் பேசினால் "பஸ் வந்துருச்சும்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடுதாசியை அப்படி வைக்க முடியாது. உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். இல்லையென்றால் கொண்டுவருகிற வழியிலேயே பிள்ளை படித்துவிடும். அதற்குப் படிக்கத் தெரியும். அது உங்களுக்குத்தான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அதன் சட்டையில் 'அரும்பு' என்று அட்டை குத்தி அனுப்பியிருக்கிறீர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளோடு கீழ் வரிசையாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முக்காலி மேல் ஏறி நின்று மைக்கில் வேத வாசகம் வாசிக்கிற பிள்ளை அது. அதுவும் போதாதென்று, பன்னிரண்டாம் தேதி வாசிப்புத் தேர்வு எடுக்க ஆள் வருவார், அன்றைக்கு லீவு போட்டுக்கோ என்று அதன் காதில் சொல்லியிருக்கிறீர்கள். விருந்தாள் வரும்போது ஓட்டைப் பாத்திரத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிற மாதிரி என் பேத்தியைத் தள்ளப் பார்க்கிறீர்களா?

மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடக்கிறார்கள். பிள்ளைக்கு இங்கிட்டு நான்தான். நான் அஞ்சாப்புதான் படித்தேன். ஆனால் என் பேத்தி தேர்வில் உட்காரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

இப்படிக்கு,
இன்னாசியம்மாள்


4.2.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஜெனிஷாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. பிழையே விடமாட்டாள். ஆனால் தேர்வில் ஒரு நிமிடம்தான். மணி அடிக்கும்போது எந்தச் சொல்லில் நிற்கிறாளோ, அதுவரைதான் கணக்கு. இவள் ஒவ்வொரு வரியின் கடைசியையும் கோயிலில் இழுப்பதுபோல் இழுக்கிறாள். கமா வந்தால் நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்க்கிறாள். நான்காவது வரியைத் தாண்டுவதே இல்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், "அப்பத்தா" என்கிறாள்.

போன வருடம் இந்தத் தேர்வில் எங்கள் பள்ளிதான் கடைசி. மீட்டிங்கில் அத்தனை ஆசிரியர்கள் நடுவில் என்னை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்று பார்த்தால்தான் அது தெரியும், அம்மா.

லீவு என்பது யோசனைதான், உத்தரவில்லை. அனுப்புவதாக இருந்தால், தேர்வு முடியும்வரை தயவுசெய்து அவளை வீட்டில் வாசிக்க வைக்காதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள்,
வ. சத்யபிரியா


சவேரியார்குளம்
6.2.2025

டீச்சருக்கு,

உங்களை நிற்க வைத்தவர்களிடம் போய்க் கேளுங்கள். அதற்காக என் பேத்தியை எதற்குக் கீழே உட்கார வைக்கிறீர்கள்?

நிமிர்ந்து பார்க்கச் சொன்னது நான்தான். தபசு காலத்தில் கோயிலில் ஆண்டவர் பட்ட பாடுகளை வாசிக்கிறவள் நான். கேட்கிறவர் முகத்தைப் பார்க்காமல் வாசித்தால் அது யாருக்கு வாசிப்பது?

டிவியில் விளம்பரம் முடியும்போது ஒருத்தன் மூச்சுவிடாமல் எதையோ ஒப்பிப்பானே, நேற்று சாயங்காலம் பிள்ளை பாடத்தை அப்படி வாசிக்கிறது. "என்னடி படிச்சே?" என்றேன். "தெரியல அப்பத்தா, ஆனா முடிச்சுட்டேன்" என்கிறது. இதுதான் நீங்கள் பார்த்துக்கொள்கிற லட்சணமா?

புத்தகத்தைப் பிடுங்கித் திரும்பவும் முதலிலிருந்து வாசிக்க வைத்தேன். தேர்வு எடுக்க எவர் வந்தாலும் கோயிலில் வாசிக்கிற மாதிரியே வாசி, தொடங்குவதும் முடிப்பதும் முறையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் தேதி தலை சீவி, பூ வைத்து அனுப்புவேன். கடிகாரத்தை நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள்.

இன்னாசியம்மாள்


13.2.2025

அம்மா,

நேற்று நடந்ததை ஜெனிஷா சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

காணாமல் போன ஒரு வெள்ளாட்டைப் பற்றிப் பத்து வரி கொடுத்தார்கள். ஜெனிஷா எழுந்து தலை வணங்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள். இழுத்து, நிமிர்ந்து, இழுத்து வாசித்தாள். மணி அடித்தது. வந்தவர் "போதும்மா" என்றார். இவள் கேட்கவில்லை. ஆடு கிடைக்கும்வரை வாசித்து முடித்து, தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்றாள்.

என் வகுப்பில் முக்கால்வாசி உங்கள் கோயில் பங்குப் பிள்ளைகள். பூசையில் பதில் சொல்வதுபோல் எல்லாரும் சேர்ந்து, "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள்.

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். முதலில் வாசித்ததை அடித்துவிட்டு, வேறு ஒரு பத்தியைக் கொடுத்து மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அவள் வாயைத் திறக்கவே இல்லை. 'வாசிக்கவில்லை' என்று பதிவாகிவிட்டது. எழுத்துக் கூட்டத் தெரியாத பையன்கூட மூன்று சொல் சொன்னான்.

இது உங்கள் பிடிவாதம் செய்த வேலை. அடுத்த மீட்டிங்கில் நான்தான் நிற்கப் போகிறேன், நீங்கள் இல்லை.

வ. சத்யபிரியா


சவேரியார்குளம்
16.2.2025

டீச்சருக்கு,

இன்றைக்குப் பூசையில் முக்காலி சும்மா கிடந்தது. சாமியாரே சைகை காட்டிக் கூப்பிட்டார். பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "வேற யாரையாச்சும் வாசிக்கச் சொல்லுங்க அப்பத்தா" என்றது. அமராவதி மகள் தத்தித் தத்தி வாசித்தாள்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அந்த சார் சிரிச்சாரேன்னா?"

"சார் அப்புறந்தான் சிரிச்சாரு. நான் டீச்சரப் பாத்துப் பாத்துத்தான் வாசிச்சேன். கடைசில நிமிந்தப்ப டீச்சர் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அதப் பாத்துத்தான் சாரும் சிரிச்சாரு."

அவர் சிரித்ததை எழுதினீர்களே, உங்கள் சிரிப்பை எங்கே ஒளித்து வைத்தீர்கள்? அந்த ஆள் ஒரு நாள் வந்து போகிறவன், சிரித்துவிட்டுப் போகட்டும். அது நம்பி நிமிர்ந்து பார்த்தது ஒன் மூஞ்சியை அல்லவா?

வருகிற ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு வாருங்கள். எங்கள் வேதம் வேறு என்று சாக்குச் சொல்ல வேண்டாம். சும்மா முன் பெஞ்சில் உட்காருங்கள். பிள்ளை நிமிரும்போது ஒழுங்கான முகமாக ஒன்றைக் காட்டுங்கள். அது பழையபடி வாசித்தால் இதை இதோடு விடுகிறேன். இல்லையென்றால் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன்.

இன்னாசியம்மாள்


18.2.2025

அம்மா,

சிரித்தேன். கேலி இல்லை, அடக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கம் சொன்னால் நீங்கள் அதற்கும் ஒரு கடிதம் எழுதுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

வ. சத்யபிரியா


சவேரியார்குளம்
23.2.2025

சத்யபிரியா டீச்சருக்கு,

வந்தீர்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். சிரிக்கவில்லை. பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

பிள்ளையும் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் முக்காலியில் ஏறியது. ஒரு பிழை இல்லை. ஓர் இடத்தில்கூட இழுக்கவில்லை. ஒரு தரம்கூட நிமிரவில்லை. நீங்கள் கொண்டுவந்த முகத்தை அது பார்க்கவே இல்லை, டீச்சர். கடைசி வரி முடிந்தது. 'ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு' என்கிற அந்தச் சொல்லைச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டது. கோயில் சனம் மொத்தமும் பதில் சொல்ல வாயெடுத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏன் அது வரவில்லை என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. நீங்கள் குனிந்துகொண்டதையும் பார்த்தேன்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பிள்ளை கேட்டது: "சீக்கிரம் முடிச்சுட்டேனா அப்பத்தா?"

நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறேன். பெரிய சாரிடம் சொல்லி சர்டிபிகேட்டை எழுதி வையுங்கள். குளத்தூரில் சேர்க்கப் போகிறேன். 'அரும்பு' அட்டையை இதற்குள் வைத்திருக்கிறேன். அதை இன்னொரு பிள்ளை சட்டையில் குத்தாதீர்கள்.

கடுதாசியைப் பிள்ளையிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். இந்தத் தரம் உறையை ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய தேவை இல்லை. அது இப்போதெல்லாம் எதையும் எடுத்துப் படிப்பதில்லை.

இன்னாசியம்மாள்