வலமிருந்து மூன்றாவது மாணவர்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
கடைசி வீடு, சிலைக்கு எதிர்த் தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பணியில் உயிர்நீத்த படைவீரரின் மார்பளவுச் சிலையில் வேறொருவர் முகம் இருப்பது – இம்மாதம் இருபத்தேழாம் தேதி நினைவு நாளுக்குள் திருத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த ஐந்து மனுக்களும், அவற்றுக்கு வந்த ஒரே பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் இப்பொறுப்புக்கு வந்து இரண்டு மாதமே ஆகிறது. பழைய கோப்புகளைப் புரட்ட நேரம் கிடைத்திருக்காது. ஆகவே, ஆண்டின் நடுவில் வகுப்பில் சேர்ந்தவருக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்து சொல்கிறேன்.

1. பேருந்து நிறுத்தத்தை அடுத்துள்ள சிலை என் மாணவருக்காக வைக்கப்பட்டது. எல்லைப் பணியில் இருந்த அவர் நான்கு ஆண்டுகளுக்கு முன், இருபத்தாறாம் வயதில் உயிர்நீத்தார். கல்லில் வெட்டிய பெயர் சரி. படை எண் சரி. சட்டைப் பொத்தான்கூடச் சரி. முகம் மட்டும் அவருடையதல்ல. அவரோடு ஒரே வகுப்பில் படித்த இன்னொரு மாணவரின் முகம் அது. அந்த இன்னொருவர் நலமாக இருக்கிறார். சிலையிலிருந்து நாற்பதடி தள்ளி, தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

2. நேர்ந்தது இதுதான். தாயாரிடம் இருந்த படங்களெல்லாம் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த ஆண்டிலேயே ஊறிப்போயின. படைப்பிரிவிலிருந்து படம் வரும்வரை காத்திருக்க முடியாது, திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்டது என்றது அலுவலகம். என் வீட்டுச் சுவரில் இருந்த பள்ளி இறுதியாண்டு வகுப்புப் படத்தை நான் கழற்றிக் கொண்டுபோனேன். சிற்பி அதில் பத்து வயதைக் கூட்டி, மீசை வைத்துக்கொள்வார் என்றார்கள். இரண்டாம் வரிசையில் ஒன்பது பேர். என் மாணவர் வலமிருந்து மூன்றாவது. படத்தின் முன்பக்கத்தில் பேனா வைக்க எனக்கு மனம் வராது. எனவே படத்தைத் திருப்பி, அவர் தலைக்கு நேர் பின்னால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். எழுத்தர் நகல் எடுத்துக்கொண்டு மூலப்படத்தை என்னிடமே தந்துவிட்டார். நகலில் புள்ளி வராதல்லவா? அதனால் தருவதற்கு முன் படத்தின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எண்ணி, நகலின் அடியில் ‘இடமிருந்து மூன்றாவது’ என்று எழுதிவைத்தார்.

தெருவில் நின்று பார்த்தால் வாசலுக்கு இடப்பக்கம் இருக்கும் சன்னல், வீட்டுக்குள் நின்று பார்த்தால் வலப்பக்கம் வந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். முப்பத்தொரு ஆண்டுகள் வடிவியல் கற்பித்த நான், அவர் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தவறில் பாதி என்னுடையது. அதை ஐந்து மனுக்களிலும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள இதுவரை ஆள் வரவில்லை.

3. தாயார் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பணிபுரிகிறார். மகன் வந்த பெட்டி மூடி முத்திரையிடப்பட்டிருந்தது; திறக்கக் கூடாது என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். தாயார் மகன் முகத்தைப் பார்க்காமலேயே அடக்கம் நடந்தது. “சிலையிலயாவது பாத்துக்கறேன் சார்” என்று எட்டு மாதம் காத்திருந்தார். திறப்பு நாளில் துணியை இழுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் என் பக்கம் சாய்ந்து, “சார், இது நம்ம மோட்டார்காரன் ஆச்சே” என்றார். அதற்குள் யாரோ அவர் கையில் மாலையைத் திணித்தார்கள். போட்டுவிட்டு வந்தார்.

4. மோட்டார்காரரின் பாடும் சொல்லும்படி இல்லை. ஊரில் அவருக்கு ‘சிலை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தால், “எந்திரிப்பா, காக்கா வந்து உக்காந்துடப் போகுது” என்கிறார்கள். சிலைக்கு மீசை இருப்பதால் தன் மீசையை எடுத்துவிட்டார். அவர் மனைவி அந்தத் தெரு வழியே நடப்பதில்லை. தொடக்கத்தில் தாயாரே, “என் மகன் வேலையை நீ பாக்கறே, உன் வேலையை யாருப்பா பாக்கறது?” என்று அவரிடம் சிரித்துப் பேசினார். இப்போது அவரைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். பள்ளி நாள்களில் பாதிச் சாப்பாடு தாயாரின் வீட்டில் சாப்பிட்டவர் மோட்டார்காரர்.

5. பார்வையில் கண்ட பதில் வருமாறு: ‘குழு நேரில் ஆய்வு செய்ததில், சிலையின் முகம் கோப்பிலுள்ள நகலில் குறிக்கப்பட்ட முகத்தோடு முழுமையாகப் பொருந்துகிறது. மேல்நடவடிக்கை தேவையில்லை.’ தன் விடைத்தாளைத் தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்ட மாணவன் ஒருவனை எனக்குத் தெரியும். அவனையாவது வகுப்புக்கு வெளியே நிறுத்த எனக்கு அதிகாரம் இருந்தது. மோட்டார்காரரை நேரில் அழைத்துப்போனேன். தாம் வேறு ஆள் என்பதற்குச் சான்று கொண்டுவரும்படி அவரிடம் சொன்னார்கள். தங்களுக்கு முன் இருந்தவர் என்னைத் தனியே அழைத்து, “வருஷத்துல ஒரு நாள்தானே சார் பாக்கப்போறாங்க? யூனிஃபார்ம் கரெக்டா இருக்குல்ல?” என்றார். தாயார் வேலைக்குப் போகும் வழி அது. ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்கிறார்.

6. இதனினும் கசப்பானது, படைப்பிரிவு அனுப்பிய சரியான படம் திறப்பு விழா முடிந்த பதினோராம் நாளே வந்துவிட்டது. தங்கள் கோப்பில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. தாயார் ஒரு நகல் கேட்டார். கோப்பிலுள்ள ஆவணத்தை வெளியாருக்குத் தர விதியில்லை என்றார்கள். அவரை வெளியார் என்றார்கள், ஐயா.

7. இம்மனுவுக்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. சென்ற மாதம் தாயார் என்னிடம், “முகத்தையே மாத்தி வெச்சவங்க, பெட்டியை மாத்தியிருக்க மாட்டாங்களா சார்?” என்று கேட்டார். நான் படைப்பிரிவின் ஒழுங்கு பற்றியெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. மகனின் நீலச் சட்டையைத் துவைத்து, தேய்த்து, நாற்காலி முதுகில் போட்டு வைத்திருக்கிறார். அழுது தீர்க்க வேண்டியவரைக் காத்திருக்க வைத்துவிட்டது அந்தச் சிலை. வேறு எந்தக் குறையைவிடவும் எனக்கு இதுவே பெரிது.

ஆகவே, இருபத்தேழாம் தேதிக்குள் சிலையின் முகத்தைத் திருத்த வேண்டுகிறேன். இயலாதெனில் சிலையை எடுத்துவிட்டுப் பெயர் வெட்டிய கல்லை மட்டும் நிறுத்துங்கள், கல்லில் பிழையில்லை. பெட்டியை மூடும் முன் அவர் முகத்தைக் கண்ட படைவீரர் ஒருவரை அனுப்பும்படி படைப்பிரிவுக்குத் தாங்கள் எழுத வேண்டும். அவர் வந்து, கண்டதைத் தாயாரிடம் தம் வாயால் சொல்ல வேண்டும். முப்பத்தொன்றாம் பக்கத்துப் படத்தைத் தபாலில் அனுப்பாமல், தாங்களே எடுத்துவந்து அவர் கையில் கொடுக்க வேண்டும்.

வரும்போது கதவு திறந்தேதான் இருக்கும். ஆனாலும் வாசலில் நின்று, நகராட்சியிலிருந்து வந்திருக்கிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். காலடிச் சத்தம் மட்டும் கேட்டால், அவர் வேறு ஒருவர் என்று எண்ணி எழுந்து வந்துவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்

உடன் ஒப்பமிடுபவர்:
(ஒப்பம்)
மோட்டார் பழுதுபார்ப்பவர், உயிருடன் இருப்பவர்

நாள்: ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை
இடம்: சிலைக்கு எதிர்த் தெரு

இணைப்பு: வகுப்புப் படத்தின் நகல் இரண்டு – முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இம்முறை முன்பக்கத்திலேயே, அவர் முகத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன்.