சப்பாத்தோடு வந்த மகள்

மே 18, ஞாயிறு

நிலானி இன்று சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்தாள். வாசலில் கழற்றாமல், கம்பளத்தில் நடந்து, சாமி அறையைக் கடந்து, குசினி வரைக்கும். நான் பெற்ற பிள்ளை!

"கழற்றடி" என்றேன்.

"ஏலாது அம்மா. கால் விறைக்குது" என்றாள். இந்த நாட்டில் மே மாதமே குளிர் தொடங்கிவிடும். ஏழு மாத வயிற்றோடு, கோட்டையும் போட்டபடி இருந்து புட்டும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டாள். பார்க்கச் சகிக்கவில்லை.

இவர் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, சில்லு வைத்த சிலிண்டர் ஹீட்டரை உருட்டிக்கொண்டு வந்து அவள் காலடியில் பற்ற வைத்தார். அவள் நர்ஸ் அல்லவா. எழும்பி அதை அணைத்து, இரண்டு ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டாள். "இதிலை எரியிற புகை எங்கை போகுதெண்டு நினைக்கிறீங்கள் அப்பா? எங்கட நெஞ்சுக்குள்ளைதான்." இருந்த கொஞ்சச் சூடும் ஜன்னலால் போய்விட்டது.

பிறகு என் முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள்: "அம்மா, கோவிக்காதைங்கோ. பிள்ளையைக் கொண்டு இஞ்சை வரமாட்டன். இது வீடில்லை, ஃப்ரிட்ஜ்."

தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான். இதில் கதைக்க என்ன இருக்கிறது? பத்தியக் கறிக்குச் சரக்கு வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தாயிற்று. ஆனால் மாப்பிள்ளை நிதினின் அம்மா சாந்தகுமாரி மதுரையிலிருந்து ஜூலையில் வருகிறாவாம். நகர மையத்தில் அவர்களுடைய ஃப்ளாட் ஏழாம் மாடி, அங்கே குளிரே இல்லையாம். "அத்தை, நீங்க டென்ஷன் ஆகாதீங்க, அம்மா பாத்துக்குவாங்க" என்கிறார் நிதின். சம்பந்தி நல்ல மனுஷி. அதுதான் பிரச்சினையே.

மே 19

காலையில் குசினியில் வாயைத் திறந்தேன், ஆவி பறந்தது. வீட்டுக்குள்ளே! நிலானி சொன்னது சரிதான். அவளிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

மே 24, சனி

இவர் முடிவெடுத்துவிட்டார். தூண்களில் நிற்கிற வீட்டுக்கடியில் முந்தைய சொந்தக்காரன் விட்டுப்போன காஸ் ஹீட்டர் ஒன்று, நாங்கள் இந்த ஒடாஹுஹு வீட்டை வாங்கிய நாளிலிருந்து செத்துக் கிடக்கிறது. அதை எடுத்தெறிந்துவிட்டுப் புதுசு பூட்டுவதாம். அங்கே கீழே காற்றைச் சூடாக்கி, பெரிய குழாய்களால் ஒவ்வோர் அறைக்கும் அனுப்பும். எரிகிற காஸின் சூட்டைப் புகையோடு வெளியே விடாமல் கிட்டத்தட்ட முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். எனக்கு நல்ல சந்தோஷம், அடுத்த வசனம் வரும்வரைக்கும்.

"நானே பூட்டப்போறன்."

மனுரேவாவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுஷன். கொஞ்சம் வீடியோ பார்த்திருக்கிறார். போன வருஷம் குசினிப் பைப்புக்கு வாஷர் மாற்றப்போய், பக்கத்து வீட்டுக்காரன் பைஜாமாவோடு ஓடிவந்து தெருவில் தண்ணீரை நிற்பாட்டியதை நான் மறக்கவில்லை.

"அது தண்ணி, தப்பினம். இது காஸ். தொட்டீங்களெண்டால் நானும் ஏழாம் மாடிக்குப் போயிடுவன்."

நிலானியும் ஃபோனில் ஏறி விழுந்தாள். லைசென்ஸ் உள்ளவர்கள்தான் காஸ் வேலை செய்யலாம், சட்டமே இருக்கிறது என்று. இவர் முகம் சுருங்கிப் போனது. கொஞ்சம் பாவமாக இருந்தது. பகல் சோற்றுக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

மே 31, சனி

காஸ் ஃபிட்டர் வந்தாள். ஓம், வந்தாள்! தேவதர்ஷினி என்று பெயர். கோயம்புத்தூரில் பிறந்து மனுரேவாவில் வளர்ந்தவள். முப்பது இருக்கும். இவர் அவளுக்குப் பின்னால், அவள் ஓட்டி வந்த வானுக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்.

"நான் மட்டும்தான் அங்கிள். வேற ஆம்பள யாரும் ஒளிஞ்சு இல்ல" என்றாள்.

எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. வாய் என்றால் வாய். நானே இடையில் புக முடியாமல் நின்றேன் என்றால் பாருங்கள். அறை அறையாக அளந்தாள், ஜன்னல்களைத் தட்டினாள், கூரைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். இவர் தன் பங்குக்கு, "இருக்கிறதுக்குள்ளை பெரிசாப் போடுங்கோ" என்றார்.

"வேணாம் அங்கிள். பெருசு போட்டா சடக்குன்னு சூடாகி நின்னுரும், திரும்ப எரியும், திரும்ப நிக்கும். நாள் பூரா அதே கூத்துதான். வீடும் சீரா சூடாகாது, மெஷினும் சீக்கிரம் படுத்துரும். வீட்டு அளவுக்குத்தான் போடணும்."

நாலு வடை சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்றும் சொன்னாள். குறைவுதான்.

ஜூன் 12, வியாழன்

பூட்டியாயிற்று! நேற்றும் இன்றும் வீடு முழுக்கத் தடபுடல்.

பழைய பூதம் வெளியே போனது. அதன் தகரப் புகைக்கூண்டையும் கழற்றிக் கூரையை அடைத்துவிட்டாள் தேவதர்ஷினி. புதியதற்குப் புகைக்கூண்டே இல்லை. பக்கச் சுவரால் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள், அவ்வளவுதான். ஒன்றால் எரிவதற்கு வெளிக்காற்று உள்ளே போகும், மற்றதால் புகை வெளியே வரும்.

இவர் பதறிவிட்டார். "புகைக்குப் பிளாஸ்டிக்கோ? உருகிப் போகாதோ பிள்ளை?"

"சூட்ட எல்லாம் வீட்டுக்கே குடுத்துட்டு வர்ற புகை அங்கிள். வெதுவெதுன்னுதான் இருக்கும். பாருங்க" என்று ஓடவிட்டாள். கையை நீட்டிப் பார்த்தேன். இட்லிச் சட்டி மூடியைத் திறந்தது போல ஈர ஆவி. அருமையாக இருந்தது.

அந்த ஈரம் குளிர்ந்து தண்ணீராக வடியுமாம். அது வடிகானுக்குப் போகத் தனிக் குழாய் வைத்தாள். சும்மா போகிற தண்ணீர்தானே, வாளி வைத்துப் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாமே என்றேன். "ஐயோ ஆன்ட்டி, அதுல ஆசிட் இருக்கும். செடி செத்துரும்" என்றாள். சரி, விட்டேன்.

காஸ் குழாய்ப் பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் நச்சுக் காற்று அலாரமும் பூட்டினாள். நான் சூடம் காட்டத் தட்டோடு போனேன். "காஸ் மெஷினுக்கு நெருப்பா? ஆன்ட்டி, ப்ளீஸ்!" என்று கைகூப்பினாள். சந்தனமும் குங்குமமும் மட்டும் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது.

போகும்போது வானுக்குள் இருந்து கத்தினாள்: "அந்த ரெண்டு பைப்பு முன்னாடி சாமான் எதுவும் வைக்காதீங்க. குப்பைத் தொட்டி, பைக்கு, எதுவும் கூடாது!"

நாங்கள் ஏன் வைக்கிறோம்.

ஜூன் 13

நிலானிக்கு ஃபோன் செய்தேன். இந்த நாட்டுப் பழங்குடிகளின் புத்தாண்டான மாதாரிக்கி விடுமுறைக்கு இருவரும் வந்து தங்கிப் பார்ப்பார்களாம். "பார்ப்பம் அம்மா. சூடெண்டால் யோசிக்கிறன்." பரீட்சை வைக்கிறாள் எனக்கு. வரட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

என் கறிவேப்பிலை மூன்று குளிர்காலம் தாண்டியது. இந்த முறை இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. எத்தனை பேர் கன்று கேட்டும் கொடுக்காமல் வளர்த்த மரம். இன்று தொட்டியை அந்த வெள்ளைக் குழாய்க்குப் பக்கத்தில் நகர்த்தினேன். வெதுவெதுப்பாக ஆவி வருகிறது, வீணாகத்தானே போகிறது? தண்ணீர் கொடுக்காதே என்றுதான் சொன்னாள். சூடு கொடுக்காதே என்று சொல்லவில்லை. சாமான் வைக்காதே என்றாள். கறிவேப்பிலை சாமானா என்ன?

ஜூன் 20, வெள்ளி, மாதாரிக்கி

வந்தார்கள்! வாசலுக்குள் கால் வைத்தாள், நின்றாள், குனிய முடியாமல் நிதினைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினாள். கோட்டையும். குசினிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இன்று இரவு உறைபனி விழும் என்று செய்தியில் சொன்னார்கள். பின்னேரம் ஓடிப்போய்க் கறிவேப்பிலைக்கு நாலு தடியும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளும் வைத்துக் கூடாரம் கட்டினேன். சூடு வெளியே போகாமல் சுவரோடு சேர்த்து இறுக்கிவிட்டேன்.

ஜூன் 21, சனி

எல்லாம் போச்சு.

விடிய எழும்பினால் வீடு பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறது. ஹீட்டர் நின்றுவிட்டது. சுவரில் உள்ள பெட்டியில் ஏதோ நம்பர் மின்னுகிறது. நிலானி மேசையில் கோட்டும் சப்பாத்துமாக இருந்தாள். இருமல் வேறு. இவர் புத்தகத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கடியில் போய் முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தார். தேவதர்ஷினி விடுமுறைக்கு டௌப்போ போய்விட்டாளாம், திங்கள்தான் வருவாள்.

"சரி அம்மா, நாங்கள் வெளிக்கிடுறம்" என்றாள் நிலானி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம் பார்த்துச் சொன்னாள். நிதின் பையைத் தூக்கினார்.

அந்தத் தேவதர்ஷினிப் பெட்டைக்கு ஃபோனில் நல்லாக் குடுத்தன். பிளாஸ்டிக் குழாய், சின்ன மெஷின், வடைக்கு உப்புக் குறைவு எண்டதும் சேர்த்து. பேத்தியோ பேரனோ ஏழாம் மாடியிலை வளரப்போகுது. நான் விருந்தாளி மாதிரி லிஃப்டிலை ஏறிப்போய்ப் பார்த்திட்டு வரோணும். என்ரை பிள்ளைக்குப் பத்தியம் ஆர் சமைக்கிறது? நானில்லை. நான் அப்ப என்னத்துக்கு?

ஜூன் 23, திங்கள்

தேவதர்ஷினி வந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வீட்டுக்குள் வரவே இல்லை. நேராகப் பக்கச் சுவருக்குப் போனாள்.

"ஆன்ட்டி... கொஞ்சம் வாங்க."

கூடாரத்துக்குள் மழை பெய்தது போல ஈரம். இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. விட்ட புகை வெளியேற வழியில்லாமல் மற்றக் குழாயால் திரும்ப உள்ளே போய், ஹீட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. அவள் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினாள். பிறகு சிரிக்கவில்லை.

"இது புது மெஷின், தப்புன்னு தெரிஞ்சு நின்னுருச்சு. பழைய மாதிரி ஹீட்டரா இருந்து பைப்ப அடைச்சிருந்தீங்கன்னா, அந்தப் புகை வீட்டுக்குள்ள வந்திருக்கும் ஆன்ட்டி. அதுக்கு வாசனை கிடையாது. தூங்கிட்டே போயிருவோம்."

நிலானி இந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு. அங்கேயே படியில் இருந்துவிட்டேன்.

அவள் தாளை அவிழ்த்தாள், தொட்டியை வேலி வரைக்கும் இழுத்தாள், குழாய்களைத் துடைத்து எல்லாவற்றையும் திரும்பச் சோதித்தாள். ஹீட்டர் ஓடியது. ஃபோனில் நான் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்தான், "பிள்ளை, அண்டைக்குக் கனக்கக் கதைச்சிட்டன், மனசிலை வைக்காதை" என்றேன்.

"எங்க அம்மா இதவிட மோசமாத் திட்டுவாங்க" என்றாள். "வடை இருக்கா?"

இவர் பின்னால் நின்று மெதுவாகச் சொல்கிறார்: "கூடாரத்தைச் சனிக்கிழமையே கண்டனான். உம்மட கறிவேப்பிலையிலை கை வைக்க எனக்கென்ன விசரோ?"

ஜூன் 24

நிலானிக்கு எப்படிச் சொல்வது? சொன்னால், அம்மாவை நம்பிப் பிள்ளையை எப்படி விடுவது என்று நினைப்பாள். நினைத்தால் பிழையும் இல்லை.

நான் யோசித்துக்கொண்டு இருக்க, இவர் ஃபோனை எடுத்துவிட்டார். "பிள்ளை, ஹீட்டரிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் கறிவேப்பிலையைக் குழாய்க்கு முன்னாலை வச்சு மூடிப்போட்டன்."

ஸ்பீக்கரில் அவள் சிரிப்பு. "அப்பா, அந்த மரத்திலை ஒரு இலை ஆய அம்மா உங்களை விட்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அம்மாட்டைக் குடுங்கோ."

வாங்கினேன். எல்லாம் சொன்னேன். தூங்கிக்கொண்டே போயிருப்போம் என்று தேவதர்ஷினி சொன்னதையும் மறைக்கவில்லை. அழுதும் போட்டேன்.

"சரி சரி, அழாதைங்கோ" என்றாள். "மரம் இனி எங்கை நிக்குது?"

"வேலியடியிலை. அது செத்தாலும் அங்கைதான்."

"பார்ப்பம்" என்றாள். இந்தப் 'பார்ப்பம்' கொஞ்சம் மெதுவாக இருந்தது.

ஜூலை 6

ஒவ்வொரு நாளும் காலையில் போய் இரண்டு குழாய்க்கும் முன்னால் ஏதும் கிடக்கிறதா என்று பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பூனை சூடு காய வந்து இருக்கிறது. துரத்துகிறேன், திரும்ப வருகிறது. அதற்கும் என் புத்திதான்.

ஜூலை 26

பெண். இரண்டு பேரும் சுகம். முழியைப் பார்த்தால் என் முழி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெளியே மழை, பல் கிட்டுகிற குளிர். வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடக்கின்றன. அதில் சம்பந்தியுடையதும் ஒரு சோடி. ஒரு வாரம் தங்குவாவாம், தங்கட்டும். பத்தியக் கறிக்குக் கறிவேப்பிலை இன்று கடையில் வாங்கினேன். வேலியடியில் வெறும் தடிதான் நிற்கிறது.

நான் மிளகு வறுத்துக்கொண்டிருக்க, நிலானி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குசினிக்கு வந்தாள். காலில் சொக்ஸ்கூட இல்லை.

"அம்மா, வேர்க்குது. ஜன்னலைக் கொஞ்சம் திறவுங்கோவன்" என்றாள்.

திறந்தேன். கொஞ்சம்தான்.