தரையில் வைத்த கேமரா

ஆவணி 10, புதன்
காலையிலேயே புழுக்கம். பார்சல் வந்தது. ஆங்கிள் ஃபைண்டர். கண் வைக்கும் இடத்தில் மாட்டிவிட்டால் கேமரா தரையில் கிடக்கும், நான் முக்காலியில் உட்கார்ந்து மேலிருந்து பார்க்கலாம். மண்டபத் தரையில் படுத்து எழும் வேலை இனி இல்லை. "மண்டி போடாதீங்க" என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம். கல்யாண போட்டோகிராபரிடம் சொல்கிற பேச்சா.

கேமராவுக்கு அடியில் வைக்க என் மனைவி செல்வி என் பழைய பேண்ட்டில் பை தைத்தாள். உள்ளே உளுந்து. "உளுந்துல கேமராவுக்கு மெத்தை போடுற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

12, வெள்ளி
வரப்பில் வைத்துப் பழகினேன். நாற்றின் நுனி வானத்தைத் தொடுகிறது. முழங்கால் வலி இல்லை.
மதியம் கல்யாணப் பெண் நித்யா போன். "அண்ணா, மெட்டி போடறப்ப கீழேருந்து எடுங்க. காலும் முகமும் ஒண்ணா தெரியணும்."

14, ஞாயிறு
வலங்கைமான். முகூர்த்தம் நல்லபடி. மெட்டி நேரம், அம்மி பக்கத்தில் கேமராவை வைத்துக் குனிந்தேன். நான்கு படம்தான். பெண்ணின் தாய்மாமன் என் தோளைப் பிடித்து இழுத்தார்.
"பொம்பளைங்க நிக்கிற இடத்துல தரையில கேமரா வச்சு என்னய்யா எடுக்கிற?"
காட்டினேன். கால், அம்மி, மாப்பிள்ளை விரல், மேலே பெண் முகம். வேறொன்றுமில்லை.
"இதுல இல்ல. வேற எதுல வச்சிருக்கானோ."
மொத்த மண்டபமும் பார்த்தது. நித்யா தலை நிமிரவில்லை. வீடியோ எடுத்த பாஸ்கர், பதினொரு வருஷக் கூட்டாளி, ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். நான்கையும் என் கையாலேயே அழிக்க வைத்தார்கள். மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மீதியை பாஸ்கர் எடுத்தான். சாப்பிடாமல் பஸ்.

15, திங்கள்
பாஸ்கர் போன். "கொஞ்ச நாளைக்கு ஆர்டருக்கு நான் மட்டும் போறேண்ணே. பேச்சு பரவிடுச்சு."
"நீ பக்கத்துலதானடா நின்ன?"
"நின்னேன். அதுக்காக சண்டையா போட முடியும்?"
எங்கள் பாபநாசம் கடைத்தெருவுக்குப் போகவில்லை. காய் வாங்க செல்வி போனாள். திரும்பி வந்து கூடையை மூலையில் வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். பேச்சு கடைத்தெரு வரை வந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது.

17, புதன்
மழை வருவது போல் இருந்து வரவில்லை. அழித்ததை மீட்கும் சாஃப்ட்வேரில் கார்டைப் போட்டேன். மூன்று போயே போச்சு. ஒன்று கிடைத்தது. மஞ்சள் பூசிய கால், மெட்டி பாதி ஏறியிருக்கிறது, மேலே அந்தப் பெண் கூச்சத்தில் சிரிக்கிறாள். இருபது வருஷத்தில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. செல்வி கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுக்கா அடிக்காத குறையா அனுப்புனாங்க?"

20, சனி
நித்யா போன். பேச்சு ஒரே தயக்கம்.
"அண்ணா, அந்த மெட்டி போட்டோ ஏதாவது மிச்சம் இருக்கா?"
"நான்தான் எடுக்கச் சொன்னேன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."
"மாமா முன்னாடி எப்படிண்ணா..."
எதிரே ஸ்கிரீனில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.
"இல்லம்மா. அழிச்சது அழிச்சதுதான்."
வைத்துவிட்டேன். செல்வி எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். "குடுத்திருக்கலாம்ல. சின்னப் புள்ள."
கொடுத்திருக்கலாம். கொடுக்க மாட்டேன்.