குருவிக்கு விட்ட பிடி

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். செத்துப்போன என் அம்மாவுக்கு எழுதுகிறேன். வெளியே தெரிந்தால் அப்பாவுக்குத்தான் ஆபத்து.

அம்மா, பாய்க்கு அடியிலிருந்து பச்சைக் கதிர் வாசனை வருகிறது. நீ விதைத்த கேப்பை. குப்பி விளக்கைத் தணித்து வைத்துப் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுகிறேன். கண்ணை மூடினால் நீ பக்கத்தில் உட்கார்ந்து கதிர் கசக்குவது போலவே இருக்கிறது.

ஊரிலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேற வந்தபோது முகாமில் மூட்டையெல்லாம் அவிழ்த்துப் பார்த்தார்களாம். நீ ஒரு பிடி விதையைக் கொண்டைக்குள் முடிந்துகொண்டு நின்றாயாம். "தல அரிக்குது, சொறிய முடியல" என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். அந்த விதைதான் நாம் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் வருஷா வருஷம் முளைத்தது.

இந்த வருஷமும் விதைத்தாய். கதிர் பார்க்க நீ இல்லை. அந்த இடத்திலும் தேயிலை வைக்கப்போவதாகத் துரை சொல்லிவிட்டார். தோட்டத்து மண்ணில் களவாக விதைத்தவன் யாரென்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கும் பத்துச் சீட்டைக் கொடுத்துக் குடும்பத்தோடு வெளியே அனுப்பிவிடுவாராம். நேற்று அந்தியில் நான் தனியாகப் போய் அறுத்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

அங்கேதான் தவறு செய்தேன். மூலையில் ஒரு பிடியை அறுக்காமல் விட்டுவிட்டேன். "கடைசிப் பிடியில கை வைக்காதடி. குருவியும் நம்ம வீட்டுக்காரிதான்" என்பாயே. கை தானாக நின்றுவிட்டது.

அப்பா மறந்துவிட்டுப் போன கம்பளியைக் கொடுக்க, இன்று காலை ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குப் போயிருந்தேன். கங்காணி கையில் அந்தப் பிடி இருந்தது.

"குருவிக்கு விருந்து வச்ச மகராசன் யாருடா?"

"குருவியத்தான் கேக்கணும் கங்காணி" என்று பின்வரிசையில் ஒரு பெண் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நானும் கேப்பை வெளையுற ஊர்ப்பக்கந்தான். இப்படி விடுறது யாரு பழக்கம்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு ராவு லயம் லயமாப் பாக்குறேன்" என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

வேலை விட்டு வந்ததும், "நீயா தாயி?" என்றார். தலையாட்டினேன். திட்டவில்லை. "அடுப்புல போட்டுரு" என்று மட்டும் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போட முடியவில்லை, அம்மா. கேப்பை வறுபட்டால் லயத்தின் பத்துக் காம்பரா வீடுகளுக்கும் மணக்கும். அது ஒரு காரணம். உன் கை பட்டது இனி வேறெதுவும் முளைக்காது என்பது இன்னொன்று. ஓடையில் விடலாமென்று போனேன். காவல்காரன் லாந்தரோடு நின்றான்; திரும்பி வந்து பாய்க்கு அடியிலேயே பரப்பிவிட்டேன்.

ஒரு பிடியை மட்டும் கசக்கித் துணியில் முடிந்து, சடைக்குள் வைத்துப் பின்னியிருக்கிறேன். நீ சொன்னது சரி, அரிக்கிறது. எங்கே துரத்தினாலும் இது என்னோடு வரும்.

நாய் குரைக்கிறது. மேல் லயத்தில் கதவுகள் திறக்கிற சத்தம். கேட்டால், அறுத்தது நான்தான், அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லப்போகி...

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்து...